ஒலுவில் துறைமுகம் சொல்லும் பாடம்: எமது தர்மத்தில் சட்டத்துக்கும் ஒரு பங்கு வேண்டும்

ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே கரையோரமாக ஒருமுறையாவது நடந்தவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. வேரோடு சாய்ந்த தென்னைகளையும், கடல் அரித்துச் சென்ற காணிகளையும், அவசரத்துக்குக் கொட்டப்பட்ட கருங்கற்களையும் அவர்கள் கண்டிருப்பார்கள். கரைவலை இழுத்த இடம் எங்கே என்று கேட்டால் மூத்தவர்கள் கடலுக்குள் கையைக் காட்டுகிறார்கள்.

இந்தத் துறைமுகம் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் கனவு. 1994 இல் துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சரான அவர், தென்கிழக்குக் கரைக்கு ஒரு துறைமுகம் வேண்டும் என்று திட்டமிட்டார். 2000 செப்டம்பர் 16 இல் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மரணித்த பின்னர், டென்மார்க்கின் கடனுதவியுடன் 2008 இல் வேலைகள் ஆரம்பமாகி, 2013 செப்டம்பர் 1 இல் துறைமுகம் திறந்து வைக்கப்பட்டது. அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். எமது கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கின்றது. கடலுக்குள் நீட்டிய அலைதடுப்பு அந்த மணலைத் தடுத்தது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை அரிக்கப்பட்டது, துறைமுக வாயிலை மணல் மூடியது. எதிர்பார்த்த வர்த்தகக் கப்பல்கள் வரவில்லை. ஆழ்கடல் படகுக்காரர்களுக்கும் வாயில் அடைபட்டது.

இந்த இழப்புக்கு எதிராக நாம் என்ன செய்தோம்? ஜும்ஆவுக்குப் பின்னர் வீதியில் இறங்கினோம். மகஜர் கொடுத்தோம். அமைச்சர்களை அழைத்து வந்து காட்டினோம். தேர்தல் வந்தபோது வாக்குறுதி கேட்டோம். துறைமுகத்துக்காகக் காணி கொடுத்தவர்களில் பலர் நட்டஈட்டுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். இதில் எதையும் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. ஆனால் ஒரு பெரிய திட்டம் ஒரு சிறிய ஊருக்கு வரும்போது, அந்த ஊரின் கையில் இருக்க வேண்டிய இன்னொரு கருவி எம்மிடம் இருக்கவில்லை. சட்டம் தெரிந்தவர்கள், அவர்களுக்குக் கொடுக்க ஆதாரங்கள், இரண்டுக்கும் செலவழிக்க ஒரு பொது நிதி. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு கடிதமும் இருபத்தொரு நாளும்

சில வருடங்களுக்கு முன்னர் எனது வகுப்பு மாணவன் ஒருவனின் வாப்பா மாலை நேரம் வீட்டுக்கு வந்தார். கடற்றொழில் செய்பவர். பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்து, "இத ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க சேர்" என்றார். காணி தொடர்பாக ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். முழுவதும் சிங்களத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்த சிங்களத்தை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். தீர்மானத்தில் உடன்பாடு இல்லாவிட்டால் குறிப்பிட்ட நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்று கடைசிப் பந்தியில் இருந்தது. திகதியைப் பார்த்தேன். அந்த நாட்கள் முடிந்து இரண்டு மாதங்களாகியிருந்தன.

"ஏன் இவ்வளவு நாளும் வெச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். "யாருக்கிட்டக் காட்டுறது எண்டு தெரியல்ல சேர்" என்றார்.

வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கின்றது. அந்தக் கடிதம் தமிழில் வந்திருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. மேன்முறையீடு செய்யும் உரிமையும் இருந்தது. இரண்டும் இருந்தும் அவர் தோற்றார். அவருக்குத் தேவைப்பட்டது பெரிய சட்டத்தரணி அல்ல. அந்தக் கடிதத்தை மூன்று நாட்களுக்குள் வாசித்துச் சொல்லக்கூடிய ஒருவர், ஒரு விண்ணப்பம் எழுதித் தரும் கை, கச்சேரிக்குப் போய்வர பஸ் காசு. அவ்வளவுதான்.

சட்டத்தின் மணிக்கூடு

சாதாரண மக்கள் பெரும்பாலும் நியாயம் இல்லாததால் தோற்பதில்லை. நேரம் முடிந்ததால் தோற்கிறார்கள். ஆகவே சில காலவரையறைகளை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அரசு ஒரு பொதுத் தேவைக்காகத் தனியார் காணியைச் சுவீகரிப்பது 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் கீழாகும். அதன் 4 ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல் ஒட்டப்படும்போது, ஆட்சேபங்களைத் தெரிவிக்க ஆகக் குறைந்தது 14 நாட்கள் தரப்படும். பின்னர் நட்டஈட்டுத் தொகை தீர்மானிக்கப்பட்டு அறிவிக்கப்பட்டால், அது போதாது என்று மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்ய 21 நாட்கள்தான் உண்டு.

அரச நிர்வாகம் அடிப்படை உரிமையை மீறினால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். உயர் நீதிமன்றம் இருப்பது கொழும்பில். ஒலுவிலில் இருந்து முந்நூறு கிலோமீற்றருக்கும் அதிகம். ஆனால் 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கின்றது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேர்க்கப்படாது. அந்த ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே இருக்கின்றது. இதை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

பெரிய அபிவிருத்தித் திட்டம் ஒன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, கருத்துத் தெரிவிக்க 30 நாட்கள். மணல் எந்தத் திசையில் நகரும், வடக்கே உள்ள ஊர்களுக்கு என்ன நடக்கும் என்று கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான். கடல் வீட்டு வாசலுக்கு வந்த பின்னர் கேட்பதை விட அந்த 30 நாட்களில் கேட்பது எவ்வளவோ மலிவானது.

இலவச சட்ட உதவி போதாதா?

1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் சட்ட உதவி ஆணைக்குழு உருவாக்கப்பட்டது. வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட ஆலோசனையும் நீதிமன்றத்தில் இலவசமாக ஆஜராகும் சேவையும் அதன் நிலையங்களில் கிடைக்கின்றன. எமது மக்கள் அதை இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும். தாபரிப்பு, காணிப் பிரச்சினை, குடும்ப வன்முறை போன்ற விடயங்களில் அது பெரிய உதவி.

ஆனால் அதன் கதவைத் தட்டுவதற்கு முன்னர் ஒருவர் தனக்கு ஒரு சட்டப் பிரச்சினை இருக்கின்றது என்பதையே அறிந்திருக்க வேண்டும். தனி ஒருவரின் பிரச்சினையாக இல்லாமல் ஒரு கரையின் பிரச்சினையாக இருக்கும்போது, அதற்கு ஆதாரம் திரட்டுவது எந்த அலுவலகத்தின் வழமையான வேலையும் அல்ல.

ஆதாரம் எப்படி வழக்கை வெல்கின்றது என்பதற்கு எமது நாட்டிலேயே இரண்டு உதாரணங்கள் உள்ளன.

முதலாவது எப்பாவல. அங்குள்ள பொஸ்பேற் படிவை ஒரு வெளிநாட்டுக் கம்பனியுடன் சேர்ந்து பெருமளவில் அகழ்வதற்கு அரசு உடன்படிக்கை செய்யவிருந்தது. அப்பகுதி விவசாயிகளும் விகாரையின் பிக்குவும் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2000 ஆம் ஆண்டு வந்த தீர்ப்பு அந்த உடன்படிக்கையைத் தடுத்தது. கனியத்தின் அளவும் தரமும் பற்றிய முழுமையான ஆய்வை நடத்தி அதை வெளியிட வேண்டும், அதன் பின்னர் சட்டப்படி சுற்றாடல் அனுமதி பெற வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. நாட்டின் தரவுகளைப் படித்து, "உங்கள் கணக்குப் பிழை" என்று காட்டக்கூடிய ஆய்வாளர்கள் அந்தப் பக்கம் இருந்தார்கள்.

இரண்டாவது சுன்னாகம். மின் நிலையத்திலிருந்து கசிந்த எண்ணெய் யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் கலந்த விவகாரம். ஒரு சுற்றாடல் அமைப்பின் தலைவர் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவுக்கு 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மின் உற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபா செலுத்த வேண்டும், பாதிக்கப்பட்ட கிணற்று உரிமையாளர்களுக்கு அதிலிருந்து தலா 40,000 ரூபா வரை வழங்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்போடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை. ஆனால் மாசுபடுத்தியவரே செலவைத் தாங்க வேண்டும் என்ற விதி ஒரு தமிழ்க் கிராமத்தின் கிணற்றடியில் நடைமுறைக்கு வந்தது. கிணற்று நீரைப் பரிசோதித்த அறிக்கைகள் இல்லாமல் அது நடந்திருக்காது.

ஒலுவிலுக்கும் அப்படிப்பட்ட ஏடு ஒன்று வேண்டியிருந்தது. கரை எந்த வருடம் எவ்வளவு பின்வாங்கியது, யாருடைய உறுதிக் காணி எவ்வளவு போனது, எந்தக் கடிதத்துக்கு என்ன பதில் வந்தது என்று ஆண்டாண்டாக எழுதி வைத்த ஏடு. எமது கையில் இருந்தவை பெரும்பாலும் ஆர்ப்பாட்டப் புகைப்படங்கள்.

தர்மப் பணம் தீர்ப்பை மாற்றிய கதை

சட்டத்துக்குத் தர்மம் செய்வது எமக்குப் புதிதாகத் தோன்றலாம். உலகில் அது பழைய விடயம்.

அமெரிக்காவில் சார்ள்ஸ் கார்லண்ட் என்ற இளைஞர் தந்தை விட்டுச்சென்ற சுமார் பத்து இலட்சம் டொலரைத் தனக்கு வேண்டாம் என்று சொல்ல, 1922 இல் அது ஒரு பொது நிதியமானது. கறுப்பின மக்களின் உரிமை அமைப்புக்கு அந்த நிதியம் ஒரு இலட்சம் டொலர் தருவதாக ஒப்புக்கொண்டது. உலகப் பொருளாதார மந்தம் வந்ததால் அதில் ஒரு பகுதிதான் கிடைத்தது. கிடைத்த பணத்தில் 1931 இல் நேதன் மார்கோல்ட் என்ற சட்டத்தரணி ஓர் ஆய்வறிக்கை எழுதினார். பாடசாலைகளில் நிறப் பாகுபாட்டைச் சட்டத்தால் எப்படி எதிர்கொள்வது என்பதே அதன் பொருள். அதே காலத்தில் ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் சார்ள்ஸ் ஹூஸ்டன் என்ற ஆசிரியர் கறுப்பின இளைஞர்களைச் சட்டத்தரணிகளாகப் பயிற்றுவித்துக் கொண்டிருந்தார். அவரது மாணவர் தேர்குட் மார்ஷல். 1954 இல் அந்த மார்ஷலே வாதாடி, பாடசாலைகளில் நிறப்பிரிவு சட்டவிரோதம் என்ற தீர்ப்பைப் பெற்றார்.

இங்கே மூன்றும் இருப்பதைக் கவனியுங்கள்: ஆய்வு, கல்வி, வழக்கு. ஆய்வறிக்கைக்கும் தீர்ப்புக்கும் இடையில் 23 வருடங்கள். பணம் கொடுத்தவர்கள் அடுத்த வருடமே பெயர்ப்பலகை திறக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருந்தால் இது நடந்திருக்காது.

தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த 1979 இல் சட்ட வளங்கள் நிலையம் தொடங்கப்பட்டது. போர்ட், கார்னகி போன்ற அமெரிக்க அறக்கட்டளைகள் அதற்கு உதவின. பத்து வருடங்கள் ஒரே முதலாளியிடம் வேலை செய்த ரிக்கோட்டோ என்ற தொழிலாளிக்கு நகரத்தில் வாழும் உரிமை உண்டு என்று 1983 இல் அந்த நிலையம் வென்றது. ஒருவருக்காக வென்ற வழக்கின் பலன் அவரைப் போன்ற பல்லாயிரம் பேருக்குக் கிடைத்தது.

எமது நாட்டிலும் கலாநிதி நீலன் திருச்செல்வம் 1982 இல் சட்டமும் சமூகமும் நம்பிக்கை நிதியத்தை உருவாக்கினார். 1999 இல் அவர் கொல்லப்பட்ட பின்னரும் அந்த நிறுவனம் சட்ட ஆய்வைத் தொடர்கின்றது. ஆனால் இத்தகைய நிறுவனங்கள் கொழும்பில் இருக்கின்றன. அவற்றுக்குப் பணமும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகின்றது. வெளிநாட்டு உதவி எதற்கு முன்னுரிமை கொடுக்கின்றது என்பதை அந்த நாட்டவர்களே தீர்மானிப்பார்கள். ஒலுவில் கரையின் முன்னுரிமையை ஒலுவிலும் அதன் அயலூர்களுமே தீர்மானிக்க முடியும்.

எமக்கும் இந்த மரபு உண்டு

1905 இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பி அணிந்து உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது பிரதம நீதியரசர் ஆட்சேபித்தார். இலங்கை முஸ்லிம்கள் ஒரு குழு அமைத்தார்கள், நிதி திரட்டினார்கள், இந்தியாவிலிருந்து மௌலவி ரபியுத்தீன் அஹ்மத் என்ற பாரிஸ்டரை அழைத்து வந்தார்கள், அந்த வருடக் கடைசியில் மருதானையில் பெருங்கூட்டம் நடத்தினார்கள். பின்னர் அந்தத் தடை நீங்கியது. தொப்பிக்காக ஒரு சமூகம் தனது பணத்தைச் சட்டத்தில் செலவழித்தது. கரைக்காகவும் காணிக்காகவும் அப்படிச் செய்வது எப்படிப் புதுமையாகும்?

இன்னும் பின்னே போனால் ஹில்புல் புளூல் உடன்படிக்கை இருக்கின்றது. மக்காவுக்கு வந்த யெமன் தேச வியாபாரி ஒருவருக்குப் பொருளின் விலையைக் கொடுக்காமல் ஒரு செல்வாக்குள்ளவர் ஏமாற்றினார். அநீதி இழைக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் அவருக்காகச் சேர்ந்து நிற்போம் என்று சிலர் உறுதி எடுத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் இளம் வயதில் அதில் பங்கெடுத்தார்கள், பிற்காலத்திலும் அதைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார்கள். அந்த வியாபாரி வெளியூரவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஸகாத் பணத்தை இதற்குப் பயன்படுத்தலாமா, எந்த நிபந்தனையில் என்பதை உலமாக்கள் சொல்ல வேண்டும். அது என் வேலையல்ல. ஆனால் ஸதகாவுக்கும் வக்புக்கும் வாசல் விசாலமானது. 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டம் பள்ளிவாசல்களுக்கும் வக்புகளுக்கும் சட்ட அமைப்பு ஒன்றையும் தந்திருக்கின்றது. ஒரு கடை அறையின் வாடகையைச் சட்டக் கல்விக்கென்று வக்பு செய்வது ஒரு தனவந்தருக்குக் கடினமான காரியம் அல்ல.

மூன்று பங்காகப் பிரிப்போம்

கல்முனை முதல் பொத்துவில் வரையான ஊர்களுக்குப் பொதுவாக ஒரு நிதி இருந்தால், அதை மூன்று பங்காகப் பிரிக்கலாம்.

முதற் பங்கு கல்விக்கு. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதுவும் மர்ஹூம் அஷ்ரப் அவர்களின் முயற்சிதான். கலை, முகாமைத்துவம், விஞ்ஞானம், இஸ்லாமியக் கற்கைகள், பொறியியல், தொழில்நுட்பம் எல்லாம் அங்கே உண்டு, சட்ட பீடம் இல்லை. அவரே ஒரு சட்டத்தரணி என்பதை நினைத்தால் இது மனதை உறுத்துகின்றது. சட்டம் படிக்க எமது பிள்ளை கொழும்புக்கோ பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக வேண்டும். 1874 முதல் இயங்கும் சட்டக் கல்லூரியும் கொழும்பில்தான். விடுதிச் செலவு, புத்தகம், பரீட்சைக் கட்டணம், படிப்பு முடிந்ததும் வருமானமில்லாத பயிலுநர் காலம் என்று தொடரும் செலவைக் கண்டு கெட்டிக்காரப் பிள்ளைகள் பின்வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன், குறிப்பாகப் பெண் பிள்ளைகள். உயர் நீதிமன்றத்தின் வேலைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால் மொழிப் பயிற்சிக்கும் பணம் வேண்டும். புலமைப்பரிசில் பெறுபவர் சட்டத்தரணியான பின்னர் மாதத்தில் ஒரு நாள் ஊரில் இலவச ஆலோசனை வழங்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தால், கொடுத்த பணம் திரும்பி வரும்.

இரண்டாம் பங்கு ஆய்வுக்கு. இதற்குக் கோடிகள் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் தமிழில் விண்ணப்பம் எழுதி, துறைமுகம் பற்றிய ஆய்வறிக்கைகளையும் நட்டஈட்டுப் பட்டியல்களையும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கரையோரத்தில் நிலையான அடையாளக் கற்களை நட்டு, வருடத்துக்கு இரு முறை அளந்து, திகதியோடு குறித்து வைக்க உயர்தர வகுப்புப் புவியியல் மாணவர்களால் முடியும். பாதிக்கப்பட்டவர்களின் உறுதிகளையும் கடிதங்களையும் பிரதி எடுத்து ஓரிடத்தில் சேர்த்து வைக்கலாம்.

மூன்றாம் பங்கு நீதியை அணுகுவதற்கு. கடிதம் வாசிக்க, மொழிபெயர்க்க, விண்ணப்பம் எழுத, கொழும்புக்குப் போய்வர. காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி ஆஜராக முடியாது. ஆகவே தாபரிப்புக் கேட்டுச் செல்லும் பெண் தனது விடயத்தைத் தானே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கின்றது. அதற்கு முன்னர் ஒரு மணித்தியாலம் அவரோடு அமர்ந்து அவரது ஆவணங்களை ஒழுங்குபடுத்திக் கொடுப்பதும் இந்த நிதியின் வேலையாக வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள்

இந்த நிதி யாருடைய பக்கம் நிற்கும் என்ற கேள்வி வரும். வர வேண்டும். வாயில் மணலைத் தோண்டு என்று ஆழ்கடல் படகுக்காரர்கள் சொன்னார்கள். முதலில் எங்கள் கரையைக் காப்பாற்று என்று காணி இழந்தவர்கள் சொன்னார்கள். இரு பக்கமும் எமது மக்கள், இரு பக்கமும் நியாயம் இருந்தது. சரியான ஆய்வு ஒன்று கையில் இருந்திருந்தால், தோண்டிய மணலை எங்கே கொட்டுவது என்று இருவரும் ஒரே மேசையில் பேசியிருக்கலாம். அது இல்லாததால் ஏழையும் ஏழையும் முகம் சுளித்தார்கள். ஆகவே நிதியின் முதல் வேலை வழக்குப் போடுவதாக இருக்கக் கூடாது, உண்மையை அளப்பதாக இருக்க வேண்டும். எல்லை கடந்து வரும் தமிழ், சிங்களச் சகோதரர்களுக்கும் அதே கதவு திறந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, அரசியல்வாதிகளின் கையில் இது போகக் கூடாது. எந்த விடயத்தை எடுப்பது என்பதைப் பணம் கொடுத்தவரும் தீர்மானிக்கக் கூடாது. ஓய்வுபெற்ற நீதித்துறையினர், ஆசிரியர்கள், பெண்கள், கடற்றொழிலாளர்கள் அடங்கிய ஒரு சபை எழுதப்பட்ட விதிகளின்படி தீர்மானிக்க வேண்டும். கணக்கறிக்கை வருடாவருடம் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கணக்குக் காட்டாத நிதி நீதி பற்றிப் பேச முடியாது.

அந்த மாணவனின் வாப்பாவை இப்போதும் சந்தையில் காண்கிறேன். அவரது காணி திரும்பி வரவில்லை. மகன் இப்போது உயர்தரத்தில் கலைப் பிரிவில் படிக்கிறான். சட்டம் படிக்க ஆசை என்று ஒருநாள் என்னிடம் சொன்னான். "காசுக்கு என்ன செய்யுற சேர்?" என்றும் கேட்டான். எமது ஊரில் பள்ளிவாசலுக்கு ஓடு போட ஒரே ஜும்ஆவில் பணம் சேர்வதை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பதில் என் கையில் மட்டும் இல்லை.